நிறுத்திவைத்த வாகனங்களின் பேட்டரிப் பராமரிப்பு

நெடுநாள் ஓடாமல் நிற்கும் வாகனத்தின் ஈய-அமில பேட்டரி சார்ஜ் இறங்கிக் கெடாமல் காக்கும் முறை. ஆண்டிபட்டி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிகளில் உழவு முடிந்து நிற்கும் டிராக்டர்களுக்கும், கேரள ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுக்கும் இது தேவைப்படுகிறது. 2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கில் நாடெங்கும் வண்டிகள் வாரக்கணக்கில் நின்றபோது இதன் அவசியம் பரவலாக உணரப்பட்டது.

ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி முழு சார்ஜில் உள்ளது, 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். இறங்கிய நிலையிலேயே விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகி, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். வெயில் கூடக்கூடத் தன்னிறக்கம் விரைவதால், வண்டியைத் தகரக் கொட்டகையில் விடுவதைவிட மரநிழலே மேல்.

பேட்டரி இணைப்பைப் பிரிக்கும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுவர். மாட்டும்போது அதுவே கடைசி. முனையில் பூத்த பச்சை, வெள்ளைப் பொடியை வெந்நீர் விட்டுக் கழுவி, வாசலின் தடவுவர். மூடி திறக்கும் வகைக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் ஆகாது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடும் வழக்கம், ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரத்தையே முழுதாக ஈடுசெய்யாமல் போகலாம். சுமார் 13.5 வோல்ட்டில் நிற்கும் தானியங்கி சார்ஜரோ சிறு சூரியத் தகடோ சார்ஜ் இறங்காமல் காக்க ஏற்றது. சூரியத் தகட்டுடன் சார்ஜ் கட்டுப்படுத்தி தேவை.