பம்பாய்ச் சால்களும் காற்றின் வழியும்

பம்பாயில் குடியேறிய நம்மவர்க்குச் ‘சால்’ என்னும் சொல் புதிதன்று. நீண்ட தாழ்வாரம், வரிசையாக ஒற்றை அறைகள், பலருக்கும் பொதுவான கழிப்பறை: ஆலைத் தொழிலாளர் பலர் வாழ்ந்த இல்லம் இதுவே.

1896-ஆம் ஆண்டு மாண்டவியில் பிளேக் நோய் தோன்றியது. காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளே அதனை வளர்த்தன என அதிகாரிகள் கருதினர். 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் நிறுவப்பெற்றது. கடற்காற்று உட்புகுமாறு அகன்ற வீதிகள் வெட்டப்பட்டன. பிற்காலத்தில் தமிழர் பெருகி வாழ்ந்த மாதுங்காவும் இந்த டிரஸ்ட் வகுத்த பகுதியே.

அதே 1898-இல், பிளேக்கைப் பரப்புவது எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி என்று கராச்சியில் பால் லூயி சீமோன் கண்டார். அப்படியாயின் காற்றோட்டம் வீணோ? அன்று. அடைபட்ட அறையில் காசநோய்க் கிருமி நெடுநேரம் மிதக்கும். காற்று அதனைக் கலைக்கும், வெயில் கொல்லும். ஆனால், வீடிழந்த ஏழைகளோ பிற சால்களில் மேலும் நெருங்கி வாழ நேர்ந்தது.

வீதியைத் திறந்தால் மட்டும் போதாது. அந்தக் காற்று ஏழையின் அறைக்குள்ளும் எட்ட வேண்டும். சாளரத்தை அடைத்து வாழும் இக்கால அடுக்குமாடிவாசிகளாகிய நாமும் இதனை மறத்தலாகாது.