தாத்தா காலத்து கட்டிலுக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கப் போறீங்களா? உப்புத்தாளை எடுக்கும் முன் இதைப் படிங்க!

தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்னு எந்த ஊரில் பழைய வீட்டுக்குள் போனாலும் கறுத்துப்போன ஒரு மரக்கட்டிலோ, கண்ணாடி வச்ச பீரோவோ கண்ணில் படும். ஜன்னல் குறைவான அறையில் அது இன்னும் இருட்டாகத் தெரியும். அதையே வெள்ளை, கிரீம், வெளிர் சாம்பல்னு மாத்தினால் அறையே பெரிசான மாதிரி இருக்கும்.

நாலைந்து நாள் ஒதுக்கினால் இதை வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் இரண்டு இடத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, பழைய பெயின்ட்டில் இருக்கும் ஈயம். இன்னொன்று, கொஞ்ச நாளிலேயே வெள்ளைக்கு மேல் எட்டிப்பார்க்கும் மஞ்சள் கறை.

ஈயம் எங்கே வந்தது?

பெயின்ட் சீக்கிரம் காயவும், நிறம் பளிச்சென்று நிற்கவும் முன்பு ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். இந்தியாவில் வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-ல் கொண்டுவரப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதனால் அதற்கு முன்பு பெயின்ட் அடித்த எந்தப் பொருளிலும் ஈயம் இருக்கலாம் என்று நினைத்து வேலை செய்வதுதான் பாதுகாப்பு.

பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருக்கும்வரை பெரிய பிரச்னை இல்லை. உப்புத்தாளால் உரசும்போது பறக்கும் தூசிதான் ஆபத்து. தரையில் படியும் அந்தத் தூசி, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படி ஈயத்தில் எந்த அளவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெயின்ட்டா, பாலிஷா? எப்படி கண்டுபிடிப்பது?

மரத்தின் ரேகை தெரிந்தால் அது பாலிஷ் அல்லது வார்னிஷ். ரேகையே தெரியாமல் நிறம் மூடியிருந்தால் பெயின்ட். பாலிஷ் என்றால், கண்ணில் படாத மூலையில் ஸ்பிரிட் தொட்ட துணியால் தேய்ச்சுப் பாருங்க. பிசுபிசுன்னு கரைஞ்சு வந்தால் அது அரக்கில் செய்த பிரெஞ்ச் பாலிஷ்.

எந்த மாதம் சரி?

கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பலமாக வீசும். வாசலில் வைத்து அடிச்சால் ஈர பெயின்ட்டில் மண்ணும் சருகும் ஒட்டிக்கும். கேரள எல்லையை ஒட்டிய கூடலூர் பக்கம் சாரலும் சேர்ந்துக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழை. காற்றில் ஈரம் இருந்தால் பெயின்ட் காயத் தாமதமாகும். ஜனவரி முதல் மே வரை வசதியான காலம். ஆனால் கோடையில் உச்சி வெயிலில் வேண்டாம். மேல் பரப்பு மட்டும் சட்டுன்னு காய்ந்து கோடு விழும். காலை நேரம், நிழலான திண்ணை, இதுதான் சரி.

எப்படி செய்வது?

1. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். கீழே பிளாஸ்டிக் விரிப்பு போடுங்க. என்-95 மாஸ்க் கட்டாயம். துண்டைக் கட்டிக்கிட்டால் நுண்ணிய தூசி நிற்காது.

2. கைப்பிடி, கொண்டி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சு காயவிடுங்க.

3. பழைய பெயின்ட் என்றால் முழுசா உரிக்க வேண்டாம். பளபளப்பு போனால் போதும். வாட்டர் பேப்பரை நனைச்சு, ஈரத்தோடு தேயுங்க. மெஷின் வைத்து உரசவோ, தீ காட்டி உரிக்கவோ கூடாது. பாலிஷ் மட்டும்தான் என்றால் 120, பிறகு 220 நம்பர் உப்புத்தாள் போதும்.

4. தேய்ச்ச அழுக்கை ஈரத் துணியால் வழிச்சு, பையில் கட்டி, குப்பை வாங்க வருபவரிடம் விவரம் சொல்லிக் கொடுங்க. தோட்டத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீங்க. போட்டிருந்த துணியைத் தனியாக துவைங்க.

5. ஓட்டை, வெடிப்புக்கு மரப் பட்டி வைத்து, காய்ந்ததும் லேசா தேயுங்க. ஓட்டையிலிருந்து புது மரத்தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கு. முதலில் அதுக்கு மருந்து, அப்புறம்தான் பெயின்ட்.

6. ப்ரைமர் ஒரு கோட். அடுத்து பெயின்ட் மெல்லிசா இரண்டு கோட். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முழுசா காயணும்.

மஞ்சள் கறை ஏன் வருது?

தேக்கு போன்ற மரங்களில் இயற்கையாகவே எண்ணெயும் நிறப்பொருளும் உண்டு. பலா மரமோ சாயம் எடுக்கும் அளவுக்கு மஞ்சள். தண்ணீர் கலந்த ப்ரைமரை நேரடியாக அடிச்சால், அந்த நிறம் தண்ணீரில் கரைஞ்சு மேலே ஏறிவரும். எத்தனை கோட் வெள்ளை அடிச்சாலும் திரும்ப எட்டிப்பார்க்கும். அதனால் அடியில் தின்னரில் கலக்கும் மர ப்ரைமர், அல்லது ஒரு கோட் அரக்கு அடிச்சு அடைச்சுடணும்.

மேல் கோட்டுக்கு தண்ணீர் வகை எனாமல் நல்லது. எண்ணெய் வகை வெள்ளை எனாமல் வெளிச்சம் படாத அறையில் நாளாக நாளாக தானாகவே மஞ்சளாகும்.

கடையில் என்ன கேட்கணும்?

ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இல்லை என்று டப்பாவில் அச்சிட்டிருக்கா பாருங்க. வண்டிக்கும் இரும்புக்கும் அடிக்கும் தொழிற்சாலை பெயின்ட்டை வீட்டுச் சாமானுக்கு வாங்காதீங்க. அவை இந்த விதிக்குள் வருவதில்லை. பரணில் கிடக்கும் பழைய மிச்ச டப்பாவும் வேண்டாம்.

எதுக்கு அடிக்கக் கூடாது?

பழைய பெயின்ட் உரிந்து நிற்கும் தொட்டில், நடைவண்டி மாதிரி குழந்தைகள் கடிக்கும் பொருளைப் புது பெயின்ட்டால் மூடிக் கொடுக்காதீங்க. கடிச்சால் அடியில் இருப்பதும் சேர்ந்தே வரும்.

செதுக்கு வேலை உள்ள தேக்கு, தோதகத்தி சாமான்களிலும் அவசரப்படாதீங்க. அடிச்ச பெயின்ட்டைச் செதுக்கலின் இடுக்கிலிருந்து எடுப்பது பெரும்பாடு. பல நேரம் கறுப்பாக இருப்பது மரம் இல்லை, அதன் மேல் வருஷக்கணக்கில் படிந்த பாலிஷ்தான். ஒரு மூலையில் அதை எடுத்துப் பாருங்க. உள்ளே தேக்கின் பொன்னிறம் தெரிந்தால், நீங்க தேடிய வெளிர் நிறம் பெயின்ட் இல்லாமலே கிடைச்சாச்சு.