மலிவுத் துப்பாக்கியும் தப்பாத குறியும்

விலை மிகுந்த பொருளே வினையிலும் சிறந்தது என்னும் எண்ணம் எல்லா நாட்டினரிடத்தும் உண்டு. அமெரிக்க வேட்டைத் துப்பாக்கியின் வரலாறு இவ்வெண்ணத்தைப் பெரும்பாலும் பொய்யாக்கியது; ஓரிடத்தில் மட்டும் மெய்யாக்கியது.

குழலின் உட்புறம் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்களை உடைய துப்பாக்கியே ரைபிள் எனப்படும். அப்பள்ளங்கள் குண்டினைப் பம்பரம்போலச் சுழற்றிவிடுவதால் அது நேரே பாய்கிறது. நூறு கஜத் தொலைவில் அடுத்தடுத்துச் சுட்ட குண்டுகள் ஓர் அங்குல வட்டத்துள் விழுமாயின் அதனை நல்ல ரைபிள் என்பர் வேட்டைக்காரர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய துப்பாக்கிகள் பலவும் ஜெர்மானியரான பால் மௌசர் 1898-இல் நிறைவாக்கிய அமைப்பைத் தழுவின. கதவின் தாழ்ப்பாள்போல் முன்னும் பின்னும் ஓடும் எஃகு உருளையொன்று தோட்டாவைக் குழலின் அடியில் தள்ளிப் பூட்டும். அவ்வுருளை ஓடுதற்குரிய கூட்டினை எஃகுக் கட்டியிலிருந்து பலமுறை செதுக்கி எடுக்க வேண்டும். 1936-இல் வெளிவந்த வின்செஸ்டர் 70 இம்மரபில் தலைசிறந்தது. ஆனால் அதற்குரிய உழைப்பு மிகுதி. ஆகவே விலையும் மிகுதி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரெமிங்டன் தொழிற்சாலையில் மைக் வாக்கர் என்னும் பொறியாளர் வேறு வழி கண்டார். அவர் வேட்டைத் துப்பாக்கி அமைப்பாளர் மட்டுமல்லர்; மேசைமேல் துப்பாக்கியை வைத்து நுட்பமாகக் குறிபார்க்கும் போட்டிகளில் ஈடுபட்டவருமாவார். 1948-இல் வந்த 721, 722 என்னும் வகைகளில் கூடு உருண்டைக் குழாய்போல் அமைந்தது. உருண்டைப் பொருளைக் கடைசல் எந்திரத்தில் கடைவது எளிது, செலவும் குறைவு. அதைவிடச் சிறப்பு, அவ்வாறு கடைந்தது நடுவச்சு பிறழாமல் அமைவது. சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பைத் தாங்கும் முட்டினையும் தனியே செதுக்கவில்லை. குழலுக்கும் கூட்டுக்கும் இடையே ஒரு தட்டை வைத்து இறுக்கிவிட்டனர். சிக்கனத்திற்காகச் செய்த மாற்றமே குறித்திறனையும் வளர்த்தது. அந்த அமைப்பினின்று 1962-இல் தோன்றிய 700 வகையையே, வியட்நாம் போரின்போது 1966-இல் அமெரிக்க மரீன் படையினர் தம் மறைந்து சுடுவோர்க்குத் தேர்ந்தனர்.

சாவேஜ் தொழிற்சாலையினர் 1958-இல் வெளியிட்ட 110 வகை இன்னும் எளிமையானது. நிக்கலஸ் புருவர் என்பார் அமைத்தது. குழலின் அடியில் தோட்டா அமரும் ஆழம் மயிரிழையும் பிசகலாகாது. பிற தொழிற்சாலைகளில் தேர்ந்த தொழிலாளர் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதனைப் பார்த்துப் பார்த்துக் குடைந்து பொருத்துவர். புருவரோ அளவுகோல் தோட்டா ஒன்றை உள்ளே வைத்து, குழலை அது தொடுமளவும் திருகி, பின் ஒரு பெரிய நட்டினால் இறுக்கச் செய்தார். கைத்தேர்ச்சி செய்த வேலையைத் திருகுமரை செய்தது! குழலின் அடியில் துருத்தி நிற்கும் அந்த நட்டு அழகாயில்லை என்று பலர் பழித்தனர். பழித்தவர் பலரும் பின்னர்க் குறித்தாளைப் பார்த்து வாய்மூடினர் என்றே சொல்ல வேண்டும்.

எஃகு நன்றாயிருந்தும் மரம் கெடுப்பதுண்டு. மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வதுபோலவே ஈரம் பட்ட துப்பாக்கிக் கட்டையும் ஊதிக் குழலை ஒருபுறம் தள்ளும். நேற்றுப் பார்த்த குறி இன்று பிசகும். ஆகவே குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து, அது தடையின்றிச் செல்லுமாறு மரத்தைச் சுரண்டிவிடுவர். கூடு அமரும் பள்ளத்தில் கண்ணாடி இழை கலந்த பசையைப் பூசி அசைவின்றி உறையச் செய்வர். இரண்டும் சொற்பச் செலவில் முடியும். நல்ல அரவேலையும் பொறுமையும் போதும்.

வின்செஸ்டரும் 1964-இல் தன் 70 வகையைச் செலவு குறைத்து மாற்றியது. ஆனால் அங்கே கைச்செதுக்குக்குப் பதில் அச்சுப் பதித்த பூவேலையே வாங்குவோர் கண்ணில் முதலில் பட்டது. அம்மாற்றத்திற்கு முந்தியவற்றை இன்றும் தேடி வாங்குகின்றனர்.

இனி, அந்த ஓரிடத்திற்கு வருவோம். குறி தவறாமைக்கு விரல் அழுத்தும் விசையும் இன்றியமையாதது. அது கடினமாயின் கை அசையும். வாக்கர் அமைத்த விசை மெல்லியதாயும் துல்லியமாயும் இருந்தது. எனினும், பாதுகாப்புத் தாழை நீக்கும்போது விரல் படாமலே சில வேளை வெடிக்கக்கூடும் என்பது சோதனையில் தெரியவே, அதனைத் தடுக்கும் திருத்தமொன்றை 1948-இலேயே வாக்கர் எழுதிக் கொடுத்தார். துப்பாக்கி ஒன்றுக்கு ஐந்தரைக் காசு கூடும் என்று கணக்கிட்டனர், திருத்தம் ஏற்கப்படவில்லை. பல ஆண்டுகளில் பலர் காயமுற்றனர், சிலர் மாண்டனர் என வழக்குகள் எழுந்தன. கையாளுவோரின் பிழையே காரணமென்றும் துப்பாக்கி குறையற்றதென்றும் உற்பத்தியாளர் வாதிட்டனர். இறுதியில், பல இலட்சம் துப்பாக்கிகளுக்கு விசையை இலவசமாக மாற்றித் தரும் உடன்பாட்டை 2017-இல் நீதிமன்றம் ஏற்றது. வாக்கர் 2013-இலேயே, நூறு வயதைக் கடந்தவராய், மறைந்துவிட்டார்.