பூனைக் காதில் ஒரு சொட்டு ரத்தம்

"பூனைக்குக்கூடவா சர்க்கரை வியாதி வரும்?" என்ற கேள்விக்கு பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இந்தப் பதிவு. வரும் மக்களே. பெரும்பாலும் மனுஷங்களோட டைப் 2 மாதிரியே வரும். சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சிட்டு வாங்க, கதை கொஞ்சம் பெரிசு :-)

இன்சுலின் கதையை எல்லாரும் 1921-ல ஆரம்பிப்பாங்க. டொரண்டோ, பாண்டிங், பெஸ்ட், கணையம் அகற்றப்பட்ட நாய்கள், 1922 ஜனவரியில் ஊசி போட்டுக்கொண்ட 14 வயசுப் பையன் லியோனார்ட் தாம்ப்ஸன். அது தெரிஞ்ச கதை. என்னை இழுத்தது அடுத்த பாகம். மருந்து கிடைச்சாச்சு, சரி. இன்னிக்கு எவ்வளவு போடணும்னு எப்படித் தெரியும்?

அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்கு வீட்டில் செய்ய முடிஞ்சது சிறுநீர்ச் சோதனை மட்டும்தான். ரத்தத்தில் சர்க்கரை ஒரு அளவைத் தாண்டினாத்தான் அது சிறுநீரில் இறங்கும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தைய செய்தி. சர்க்கரை தாழ்ந்துபோனா ஒண்ணுமே காட்டாது. ராத்திரி லாக் ஃபைலைப் பார்த்து காலையில் சர்வரை ஓட்டுற மாதிரி. ஆனா உயிரை எடுக்கிறது அந்தத் தாழ்வுதான்.

1970-வாக்கில் அமெரிக்காவில் ஏம்ஸ் நிறுவனத்தின் ரத்தச் சர்க்கரை மீட்டர் வந்தது. எடை 1.4 கிலோ, விலை 650 டாலர். டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மட்டுமே விற்பனை. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற எஞ்சினியர் (நம்ம ஜாதி!) 12 வயசிலிருந்தே சர்க்கரை நோயாளி. மனைவி டாக்டர் என்பதால் அவர் பேரில் ஒண்ணை வாங்கிட்டார். ஒரு நாளைக்குப் பல தடவை விரலைக் குத்தி, எண்ணைப் பார்த்து, ஊசியையும் சாப்பாட்டையும் மாத்தினார். உடம்பு தேறியது. எழுதி அனுப்பினா மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின. மனுஷன் விடலை, 45 வயசில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தே விட்டார்.

பூனைக்கு வருவோம். இங்கே கூடுதலா ஒரு சிக்கல். கிளினிக் மேஜையில் தூக்கி வெச்சாலே பயத்தில் அதுக்குச் சர்க்கரை ஏறிடும். நோயே இல்லாத பூனைக்குக்கூட 300 வரைக்கும் போகலாம். அந்த எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினா, வீட்டுக்கு வந்து அமைதியானதும் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும். ஆக, பூனைக்கு வீட்டில் அளக்கிறதுதான் நிஜமான எண். காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சின்ன மீட்டரில் அளக்கலாம்னு 2000-ல ஸூரிக் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் வெஸ், ரொய்ஷ் எழுதினாங்க.

2009-ல வந்த ரூம்ப், ராண்ட் கட்டுரைதான் எனக்குப் பிடிச்சது. வளர்ப்பவர்களே வீட்டில் அளந்து அளந்து கிளார்ஜின் போட்ட 55 பூனைகள். 64 சதவீதத்துக்கு ஊசியே தேவையில்லாமல் போச்சு. நோய் தெரிஞ்ச 6 மாசத்துக்குள்ளே இந்த முறையை ஆரம்பிச்சதுகளில் 84 சதவீதம், தாமதமா ஆரம்பிச்சதுகளில் 35. கட்டுரையின் முதல் ஆசிரியர் ரூம்ப் வேலை பார்த்தது ஜெர்மனியில் ஒரு கணினியியல் ஆய்வு நிலையத்தில். இங்கேயும் நம்ம ஆளுதான்.

எங்க வீட்டு செல்லிக்கு வயசு 12. காலை 7, ராத்திரி 7. வெந்நீரில் நனைச்ச துணியால் காதைச் சூடு பண்ணி, ஓரத்தில் ஒரு குத்து. பிடிச்சுக்கிறது அம்மா, குத்துறது நான், முறைக்கிறது செல்லி. போன மாசம் ஒரு காலையில் மீட்டர் 62-னு காட்டிச்சு. ஊசியை ஃபிரிட்ஜிலேயே விட்டுட்டு சாப்பாட்டை வெச்சோம். அளக்காம வழக்கம்போலப் போட்டிருந்தா? அம்மா அன்னிக்குப் பூரா அவளைத் தன் கண்ணு முன்னாடியே வெச்சுக்கிட்டாங்க.

இன்னொண்ணு, சிரிஞ்ச். நம்மூரில் சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. கிளார்ஜின் 100 ரகம். அதைச் சிவப்பு மூடியில் ஒரு கோடு இழுத்தா உள்ளே போறது இரண்டரை யூனிட். யூனிட் குழப்பத்தில் 1999-ல செவ்வாய்க்குப் போன விண்கலமே தொலைஞ்சுது, செல்லி எம்மாத்திரம்.

2022 டிசம்பரில் அமெரிக்காவில் பூனைகளுக்கு பெக்ஸாக்லிஃப்ளோஸின் மாத்திரைக்கு அனுமதி கொடுத்தாங்க. ஆசையாப் படிச்சேன். ஏற்கெனவே இன்சுலின் போட்ட பூனைக்குத் தரக்கூடாதுன்னு அதோட லேபிளிலேயே எச்சரிக்கை இருக்கு. அதனால செல்லிக்கு ஊசிதான், காதுக் குத்துதான்.