மகளிர் போட்டியும் நடுவு நிலைமையும்



ஆண்டுதோறும் எங்கள் தோட்டப் பள்ளியில் விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் எடுக்கும் நாளில், நாங்கள் முதலில் கேட்பது பிறப்புப் பத்திரத்தைத்தான். பத்து வயதுக்குக் கீழ், பன்னிரண்டு வயதுக்குக் கீழ் என்று முதலில் பிரிப்போம். பிறகு ஆண், பெண் என்று பிரிப்போம். வயதைப் பற்றி எப்போதாவது வாதம் வரும். பத்திரத்தைக் காட்டினால் தீர்ந்துவிடும். ஆண், பெண் என்னும் பிரிவில் வாதமே எழுவதில்லை. ஆயினும், ஒரு பெண்பிள்ளை எல்லாரையும் பின்னே தள்ளி முதலாவதாக வந்துவிட்டால், வேலியோரம் நிற்கும் யாராவது ஒருவர், "இது பெண்பிள்ளையா, பையனா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பதை நாம் கேட்டிருக்கிறோம். வேலியோரத்தில் கேட்ட அந்தக் கேள்வி உலக விளையாட்டு அரங்கிலும் கேட்கப்பட்டது. அங்கே அது என்ன செய்தது என்பதையே இன்றைய உரையில் காண்போம்.

மகளிர்க்கெனத் தனிப் போட்டி ஏன் வேண்டும்? இதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். 800 மீட்டர் ஓட்டத்தில் ஆடவர் உலகச் சாதனை 1 நிமிடம் 40.91 விநாடி, 2012ஆம் ஆண்டில் நிலைநாட்டப்பட்டது. மகளிர் உலகச் சாதனை 1 நிமிடம் 53.28 விநாடி, 1983ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இவ்விருவரையும் ஒரே பந்தயத்தில் ஓடவிட்டால், ஆடவர் கோட்டைத் தொடும்போது பெண் ஏறத்தாழ 87 மீட்டர் பின்னால் இருப்பார். உலகத்தின் முதல்தரப் பெண்ணுக்கே இந்த நிலை என்றால், மற்றவர் கதி என்ன? ஓட்டத்திலும் நீச்சலிலும் இவ்வேறுபாடு நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு வரை. பளுதூக்குதலில் இன்னும் அதிகம்.

சிறு வயதில் இவ்வேறுபாடு மிகக் குறைவே. எங்கள் பள்ளியில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளைகள் பையன்களை முந்திச் செல்வதுண்டு. பருவம் எய்தும்போது ஆண் உடலில் டெஸ்டோஸ்டெரோன் என்னும் சுரப்பு நீர் பெருகுகிறது. உயரம், எலும்பு, தசை, இரத்தத்தின் வலிமை ஆகிய அனைத்தும் அதனால் மிகுகின்றன. ஆகவேதான் மகளிர்க்கு ஒரு தனி வாசல் திறக்கப்பட்டது.

அந்த வாசலும் எளிதில் திறக்கவில்லை. 1896ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கில் மகளிர் ஒருவரும் பங்கு பெறவில்லை. 1928ஆம் ஆண்டில்தான், ஆம்ஸ்டர்டாம் நகரில், தடகளத்தில் பெண்களுக்கு இடம் கிடைத்தது. அங்கு 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்துப் போனார்கள் என்று செய்தித்தாள்கள் மிகைப்படுத்தி எழுத, அப்பந்தயமே நீக்கப்பட்டது. மீண்டும் அது இடம்பெற 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மெதுவாக ஓடினால் பெண்ணுக்கு இயலாது என்றார்கள். விரைந்து ஓடினால் இவள் பெண்தானா என்றார்கள்.

இரண்டாவது கேள்வி 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கிலேயே எழுந்துவிட்டது. 100 மீட்டரில் முதலிடம் பெற்ற அமெரிக்கப் பெண் ஹெலன் ஸ்டீபன்ஸ் மீது ஐயம் கிளப்பப்பட்டது. அவர் பெண்தான் என்று அறிவிக்கப்பட்டது. விந்தை என்னவென்றால், அதே பந்தயத்தில் இரண்டாவதாக வந்த ஸ்டெல்லா வால்ஷ் 1980ஆம் ஆண்டில் கொள்ளையர் குண்டுக்குப் பலியானபோது, பிணப் பரிசோதனையில் அவருடைய உடலில்தான் இரு பால் கூறுகளும் காணப்பட்டன. அதே ஒலிம்பிக்கில் மகளிர் உயரம் தாண்டுதலில் நான்காவதாக வந்த ஜெர்மானியர் டோரா ராட்யன் ஆண் என்று 1938இல் தெரியவந்தது. அவர் பிறந்தபோது பெண் என்று பதிவாகி, பெண்ணாகவே வளர்க்கப்பட்டவர். வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று வழக்கு நிலைக்கவில்லை. இயற்கை எல்லாரையும் இரண்டு வரிசையில் மட்டும் நிறுத்திவிடுவதில்லை என்பதற்கு இவை சான்றுகள்.

ஐயம் வளர்ந்தது, சோதனையும் வந்தது. 1966ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில் நடைபெற்ற ஐரோப்பியப் போட்டியில், வீராங்கனைகள் ஆடையின்றி மருத்துவர் குழுவின் முன் நிற்க வேண்டும் என்று விதித்தார்கள். நம் வீட்டுப் பெண்பிள்ளையை அப்படி நிறுத்த நாம் இசைவோமா? எதிர்ப்பு எழவே, 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் கன்னத்தின் உட்புறத்தில் செல்களை எடுத்துக் குரோமோசோமைப் பார்க்கும் முறை வந்தது. அறிவியல் முடிவு சொல்லிவிடும் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் மரியா ஹோசே மார்ட்டினேஸ் பத்தினியோ என்னும் ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்டக்காரர். 1983இல் பெண் என்ற சான்றிதழ் பெற்றவர். 1985இல் ஜப்பானின் கோபே நகருக்குச் சென்றபோது அதை வீட்டில் மறந்து வைத்துவிட்டார். மீண்டும் சோதித்தபோது, அவருக்கு ஆணுக்குரிய எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் இருப்பது தெரிந்தது. ஆனால் அவர் உடல் டெஸ்டோஸ்டெரோனுக்குச் சிறிதும் செவி சாய்க்காத உடல். அதனால் அவருக்கு எவ்வித மிகைப் பலமும் இல்லை. எனினும் பட்டங்கள் பறிபோயின; உதவித் தொகை நின்றது; மணம் பேசியவரும் விலகினார். தளராமல் வாதாடி, 1988இல் தம் உரிமையை மீட்டார். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேர் தேறவில்லை. அவர்கள் அனைவரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டனர். 1999இல் ஒலிம்பிக் குழு அனைவரையும் சோதிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது.

சோதனை முற்றாக ஒழியவில்லை. ஐயம் எழுந்தால் மட்டும் சோதிக்கலாம் என்று வைத்துக்கொண்டார்கள். அதில் அகப்பட்டவர் நம் இனத்துப் பெண். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், செங்கற் சூளைத் தொழிலாளரின் மகள். 2006ஆம் ஆண்டு டோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். சில நாட்களில் சோதனை என்றார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள், செய்தி உலகெங்கும் பரவியது. மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். பின்னர் சூளையிலேயே கூலி வேலை செய்தார். அதன் பிறகு முயன்று படித்துப் பயிற்சியாளரானார். பால்மரக் காட்டில் பாடுபட்ட குடும்பங்களில் பிறந்த நமக்கு, அந்தப் பதக்கம் அந்த வீட்டுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா 2009இல் பெர்லினில் 800 மீட்டர் வென்றபோதும் இதுவே நடந்தது. சுரப்பு நீரை மருந்தால் குறைத்தால்தான் ஓடலாம் என்று 2018இல் விதி வந்தது, அவர் மறுத்தார். அவ்விதி பாகுபாடு காட்டுவதுதான், ஆயினும் மகளிர் போட்டியைக் காக்கத் தேவையானது என்று 2019இல் விளையாட்டு நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய வழக்கு சுவிஸ் நாட்டு நீதிமன்றத்தில் முறையாக விசாரிக்கப்படவில்லை என்று 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கூறியது.

இவர்கள் எல்லாரும் பெண்ணாகப் பிறந்து வளர்ந்தவர்கள். திருநங்கையர் வரலாறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது பெரும் பிழை. அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை ரெனே ரிச்சர்ட்ஸ், ஆணாகப் பிறந்து 1975இல் அறுவைச் சிகிச்சையால் பெண்ணானவர். நீதிமன்றத்தில் வென்று, 1977இல் அமெரிக்கப் பொதுப் போட்டியில் ஆடினார். ஒற்றையரில் முதல் சுற்றிலேயே தோற்றார். இரட்டையரில் இறுதி ஆட்டம் வரை சென்றார். 2004 முதல் ஒலிம்பிக் விதி திருநங்கையரை நிபந்தனைகளோடு ஏற்றது. நியூசிலாந்தின் லாரல் ஹப்பர்ட், 43ஆம் வயதில், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் பளு தூக்கினார். மூன்று முறை முயன்றும் வெற்றியில்லை. 2022இல் லியா தாமஸ் அமெரிக்கக் கல்லூரி நீச்சலில் 500 கெஜப் பந்தயத்தை வென்றபோது வாதம் சூடுபிடித்தது.

இரு தரப்பாரின் சொல்லையும் கேட்போம். ஆண் பருவம் கடந்த உடலின் உயரமும் எலும்பும் மருந்தால் மாறுவதில்லை, ஆகவே மற்றப் பெண்களுக்கு அது நீதியாகாது என்பர் ஒரு சாரார். அமெரிக்க விமானப் படையினரை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டு மருந்துக்குப் பின் தண்டால் எடுப்பதில் வேறுபாடு மறைந்தது. ஓட்டத்தில் திருநங்கையர் நூற்றுக்குப் பன்னிரண்டு விழுக்காடு விரைவாகவே இருந்தனர். மற்றொரு சாராரோ, அத்தகையோர் மிகச் சிலரே, முதல்தர வீரர்களைக் கொண்டு செய்த ஆய்வுகள் குறைவு, எல்லா விளையாட்டையும் ஒரே கோலால் அளக்கலாகாது, ஒருவரை வெளியே நிறுத்துவது அவர் வாழ்வையே ஒதுக்குவதாகும் என்பர். இரண்டிலும் உண்மை உண்டு.

ஆண் பருவம் எய்திய திருநங்கையர்க்கு மகளிர் பிரிவில் இடமில்லை என்று 2022இல் உலக நீச்சல் அமைப்பும், 2023இல் உலகத் தடகள அமைப்பும் விதித்தன. எல்லார்க்கும் பொதுவான புதிய பிரிவொன்றை 2023இல் பெர்லின் நீச்சல் போட்டியில் திறந்தார்கள். ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. ஊரறியத் தன்னைத் தனித்துக் காட்டிக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்? 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகளத்தில் வீராங்கனைகள் அனைவரும் எஸ்.ஆர்.ஒய். என்னும் மரபணுச் சோதனை ஒருமுறை செய்துகொள்ள வேண்டும் என்ற விதியும் வந்தது. 1968ஆம் ஆண்டின் கன்னச் சோதனை புது உருவில் திரும்பியிருக்கிறது. அந்த மரபணுவை 1990இல் கண்டறிந்த ஆய்வாளர்களுள் ஒருவரான ஆண்ட்ரூ சின்கிளேரே, ஒருவரின் பாலை முடிவு செய்ய இது மட்டும் போதாது என்று எழுதினார். ஆயினும் பத்தினியோவைப் போன்ற உடலமைப்புடையோர்க்கு இவ்விதி விலக்கு அளிக்கிறது. அந்த அளவுக்கு வரலாறு பாடம் புகட்டியிருக்கிறது.

நேயர்களே, இந்த வரலாற்றில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒருவர் எந்தப் பிரிவில் போட்டியிடலாம் என்பது ஒன்று. ஒருவர் யார் என்பது மற்றொன்று. முதற் கேள்வியை விளையாட்டு அமைப்புகள் கேட்டே ஆக வேண்டும். எல்லை இல்லையேல் மகளிர் பிரிவு என்பதே நிலைக்காது. பத்து வயதுப் பிரிவில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நாங்கள் சேர்ப்பதில்லை. அதனால் அப்பிள்ளைக்கு இழிவும் இல்லை. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லும் அதிகாரம் எந்த அமைப்புக்கும் இல்லை. விதியை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்தால், சோதனையை மறைவாக வைத்திருந்தால், கொடுத்த பதக்கத்தை ஊரறியப் பறிக்காதிருந்தால், சாந்தியின் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும் என்பதே எங்கள் எண்ணம்.

வள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்து, துலாக்கோலை அதற்கு உவமை காட்டினார். கோலைப் பிடிக்கும் கை நடுங்கலாகாது; தட்டில் இருப்பது ஓர் உயிர் என்பதையும் அந்தக் கை மறக்கலாகாது.

அடுத்த முறை பள்ளித் திடலில் ஒரு பெண்பிள்ளை காற்றாகப் பறந்து வந்தால், வேலியோரம் நிற்கும் நாம் "நன்றாக ஓடினாய், அம்மா" என்று மட்டும் சொல்வோம். அதற்கு எந்தச் சோதனையும் தேவையில்லை.