கட்டிலில் இருந்து நாற்காலிக்கு

போன மாதம் மாமாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. ஸ்டென்ட் வைத்து, மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று முழுக்க ஃபோன்தான். "அதுக்குள்ள விட்டிட்டாங்களோ? வாட்டில கட்டில் இல்லையாமோ?" என்று எல்லாச் சொந்தமும் கேட்டது. அம்மம்மா அவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை.

அம்மம்மாவைச் சிரிக்காதீர்கள். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது டாக்டர்களும் அதையேதான் சொன்னார்கள். 1950 வாக்கில் அமெரிக்காவிலும் நாலு முதல் ஆறு கிழமை அசையாமல் படுக்க வேண்டும். காயப்பட்ட இதயத்துக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பது நம்பிக்கை. ஆனால் படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம்.

பாஸ்டனில் சாமுவேல் லெவைன் என்ற டாக்டர் வேறு மாதிரி யோசித்தார். படுத்திருந்தால் காலில் உள்ள இரத்தமும் இதயத்துக்குத் திரும்பிச் சுமையைக் கூட்டும். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் சுமை குறையும். அவரும் இளம் டாக்டர் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளை ஆரம்ப நாட்களிலேயே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மற்ற டாக்டர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1952இல் 81 நோயாளிகளின் விவரத்தோடு இருவரும் கட்டுரை வெளியிட்டார்கள். ஆனாலும் பழக்கம் மெதுவாகத்தான் மாறியது. 1955இல் மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசனோவர் ஏறக்குறைய ஏழு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார்.

1960களில் இதயத் துடிப்பை இரவு பகலாகக் கவனிக்கும் தனி வாட்டுகள் வந்தன. 1977இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் பலூனால் இதய இரத்தக் குழாயைத் திறந்தார். பிறகு மாரடைப்பு நடக்கும் நேரத்திலேயே அடைப்பைத் திறக்கப் பழகினார்கள். தசை பிழைத்தது, ஆஸ்பத்திரி நாட்களும் குறைந்தன. 2017இல் ஐரோப்பிய வழிகாட்டல், ஆபத்துக் குறைந்தவர்களை 48 முதல் 72 மணி நேரத்தில் அனுப்பலாம் என்றது.

எல்லோரையும் அல்ல. குழாய் நன்றாகத் திறந்திருக்க வேண்டும், இதயம் நன்றாக அடிக்க வேண்டும், துடிப்பில் குழப்பம் இருக்கக் கூடாது. மிச்சக் கவனிப்பு வீட்டில்தான். ஸ்டென்டில் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் மறுபடி அடைக்கலாம்.

ஆஸ்பத்திரி தந்த கடிதத்தை எங்கள் வீடுகளில் வாசிப்பது யார்? நாங்கள்தானே. மாத்திரைப் பேரையும், உடற்பயிற்சி வகுப்புத் தேதியையும் தமிழில் சொல்லிக் கொடுங்கள். நான் அம்மம்மாவுக்கு இந்த நாற்காலிக் கதையைச் சொன்னேன். அடுத்த நாள் காலை அவரே யன்னலோரம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "தம்பி, வந்து இதில இரு" என்று மாமாவைக் கூப்பிட்டார்.