ஃபார்லியின் கோப்பு

என் மடிக்கணினியில் ‘ஆட்கள்’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. வெறும் எழுத்து மட்டுமே உள்ள கோப்பு. செயலி கிடையாது, அட்டவணை கிடையாது. ஒவ்வொரு வரியும் தேதியில் தொடங்கும், பிறகு ஆளின் பெயர், பிறகு அவர் சொன்னது. ‘2023-08-14, பழைய சூப்பர்வைசர், மகனுக்குச் சபாவுக்கு வேலை மாற்றம்.’ ஆண்டை முதலில் எழுதுவதால் கணினி வரிசைப்படுத்தினாலே காலவரிசை வந்துவிடும். பெயரைத் தேடினால் அவரோடு பேசியதெல்லாம் வரிவரியாக வந்து நிற்கும். இதைப் பார்த்த நண்பன், “என்னடா, மனுசங்களுக்கு ஸ்டாக் எடுக்கிறியா?” என்றான்.

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்தப் பழக்கத்தின் வரலாற்றைத் தேடிப் போனால் முதலில் எதிர்ப்படுபவரே ஓர் அரசியல் தரகர்தான்.

ஜேம்ஸ் ஃபார்லி 1888இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். ஜிப்சம் விற்கும் வேலை, சிற்றூர் எழுத்தர் பதவி என்று தொடங்கியவர். யாரைச் சந்தித்தாலும் முழுப்பெயர், குடும்பம், தொழில், அரசியல் சாய்வு எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். அடுத்த முறை பார்க்கும்போது மனைவி சௌக்கியமா என்று விசாரிப்பார். 50,000 பேரை முதற்பெயர் சொல்லி அழைக்க முடியும் என்று அவரே சொன்னதாக டேல் கார்னகி 1936இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற நூலில் எழுதினார். விற்பனையாளர் பேச்சு, கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

1932இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அதிபர் தேர்தல் பிரசாரத்தை நடத்தியவர் இவர்தான். ரூஸ்வெல்ட் சந்திப்பவர்களைப் பற்றிய குறிப்புகளை ஒரு கோப்பாகச் சேர்த்தார். ஒருவர் உள்ளே வருமுன் ரூஸ்வெல்ட் அதைப் பார்த்துக்கொள்வார். வந்தவருக்கோ, இவ்வளவு பெரிய மனிதர் நம்ம பிள்ளை பேரைக்கூட ஞாபகம் வச்சிருக்காரே என்று உச்சி குளிர்ந்துபோகும். ‘ஃபார்லி கோப்பு’ என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

என்னை உறுத்துவது குறிப்பெடுத்தது அல்ல. ஒருவர் கேட்டு எழுதியதை இன்னொருவர் தன் ஞாபகமாகக் காட்டிக்கொள்ள முடிகிறதே, அதுதான். ராபர்ட் ஹைன்லைன் 1956இல் ‘டபுள் ஸ்டார்’ நாவலில் இதைச் சரியாகப் பிடித்தார். கடத்தப்பட்ட அரசியல்வாதிக்குப் பதிலாக ஒரு நடிகன் வேடம் போடுகிறான். அவனுக்குக் கைகொடுப்பது அந்த அரசியல்வாதியின் ஃபார்லி கோப்பு. ஊரே ஏமாறுகிறது, பேரரசர் மட்டும் கண்டுபிடித்துவிடுகிறார்.

இதற்கு நேர் எதிரான ஒரு கோப்பு நம்மிடம் உண்டு. கல்யாண மண்டப வாசலில் எழுதும் மொய் நோட்டு. பெயர், ஊர், தொகை. அட்டையில் கல்யாணத் தேதி. அதிலும் கணக்கு இருக்கிறது, பாசம் மட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஐம்பது வெள்ளி வைத்தவர் வீட்டு விசேஷத்துக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் அம்மா கிளம்புவார். ஆனால் எழுதப்படுகிறவர் மேசை முன்னால்தான் நிற்கிறார். தன் பெயர் ஏறுவது அவருக்குத் தெரியும். அவர் வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கும், அதில் நம் பெயர் இருக்கும். ஃபார்லியின் கோப்பில் இந்த எதிர்ப்பக்கம் இல்லை. என் கோப்பிலும் இல்லை. அதனால் அவரவர் வாயால் சொன்னதை மட்டும் எழுதுகிறேன், என் அபிப்பிராயத்தை எழுதுவதில்லை. சொன்னவரே கேட்டால் திறந்து காட்டக்கூடியதாக இருக்கட்டும் என்று ஒரு கணக்கு.

ஃபார்லியின் கதை 1940இல் திரும்பியது. ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை நிற்பதை அவர் எதிர்த்தார். தானே வேட்பாளராக முயன்று தோற்றார். அஞ்சல்துறைத் தலைவர் பதவியை விட்டுவிட்டு கோக-கோலாவின் ஏற்றுமதி நிறுவனத்துக்குப் போனார். 1948இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அவருக்கு ஒரு மனக்குறை தெரிகிறது: அத்தனை ஆண்டு கூடவே உழைத்தும், ரூஸ்வெல்ட் தன்னை அந்தரங்க வட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளவே இல்லை என்று.